ஆர்டிசி டிரைவரும் தேதி வரம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரண்ட் போனாலும் நேரத்தை விடாமல் எண்ணிக்கொண்டிருக்கும் சின்னச் சிப்புதான் ரியல் டைம் கிளாக், சுருக்கமாக ஆர்டிசி. அதற்கு டிரைவர், அதாவது சிப்போடு பேசும் மென்பொருள், எழுதுவது சுலபமான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஏழெட்டு ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) படித்து ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துக் கொடுத்தால் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தச் சிப்புகளால் எல்லாத் தேதியையும் சொல்ல முடியாது. தொடக்கமும் முடிவும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிய டிரைவர் ஒருநாள் பொய்த் தேதி சொல்லும். கருவிகளுக்குள் ஓடும் எம்பெடெட் லினக்ஸ் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடிகாரச் சிப்புக்கு ஏன் தேதி வரம்பு?

இடம் போதாததால்தான். பெரும்பாலான சிப்புகள் விநாடி, நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு ஒவ்வொன்றையும் தனித்தனி ரெஜிஸ்டரில் வைத்திருக்கும். ஆண்டுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பைட். அதிலும் பிசிடி முறையில் (ஒவ்வொரு இலக்கத்துக்கும் 4 பிட்) இரண்டு இலக்கம், அதாவது 00 முதல் 99 வரை. டிஎஸ்1307, டிஎஸ்3231, பிசிஎஃப்8563 எல்லாம் இந்த வகை. 24 என்று சிப் சொன்னால் அது 1924-ஆ, 2024-ஆ, 2124-ஆ என்பது சிப்புக்குத் தெரியாது. முடிவு செய்வது டிரைவர்.

இன்னொரு வகைச் சிப்புக்கு நாள், மாதம் எதுவும் தெரியாது. விநாடிகளை எண்ணும் ஒரு கவுண்டர் மட்டும்தான். பெரும்பாலும் 32 பிட். 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணினால் 2106 பிப்ரவரி 7, யுடிசி (உலகப் பொது நேரம்) 06:28:15 வரை வரும்.

நடுவில் விதவிதமான அளவுகளும் உண்டு. ஆல்வின்னர் ஏ10 ப்ராசஸருக்குள் இருக்கும் ஆர்டிசியில் ஆண்டுக்கு 6 பிட், ஆகவே 64 ஆண்டுகள். லினக்ஸ் டிரைவர் அதை 2010 முதல் 2073 வரை என்று எடுத்துக்கொள்கிறது. அதே குடும்பத்து ஏ20-இல் 8 பிட், 1970 முதல் 2225 வரை. ஆர்வி-3029 சிப்புக்கு 2000 முதல் 2079 வரைதான். மீடியாடெக் எம்டி6397-இல் 7 பிட். 1968-ஐத் தொடக்கமாக வைத்தால் 2095 வரை வரும். ஒரு சிப்புக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்தால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

என் சிப்பின் உண்மையான வரம்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிப்பின் விவரக்குறிப்பான டேட்டாஷீட்டில் ஆண்டு ரெஜிஸ்டர் எத்தனை பிட் என்று பார்ப்பது பாதி வேலை. மறுபாதி, லீப் வருடத்தைச் சிப் எப்படிக் கணக்கிடுகிறது என்று பார்ப்பது. முழு விதி இதுதான்: 4-ஆல் வகுபட்டால் லீப், 100-ஆல் வகுபட்டால் லீப் இல்லை, ஆனால் 400-ஆல் வகுபட்டால் லீப். 2000 லீப் வருடம். 2100 இல்லை.

சிப்புக்குள் இருப்பதோ முதல் வரி மட்டும். ஆண்டு ரெஜிஸ்டர் 4-ஆல் வகுபட்டால் பிப்ரவரிக்கு 29 நாள், அவ்வளவுதான். பிசிஎஃப்8563 டேட்டாஷீட் 00-ஐயும் சேர்த்தே இப்படிச் சொல்கிறது. 2000-க்கு அது சரியாகப் பொருந்திவிட்டதால் யாருக்கும் உறுத்தவில்லை. 2100 பிப்ரவரி 28-க்கு அடுத்த நாள் இந்தச் சிப்புகள் 29 என்று காட்டும். டிஎஸ்1307, டிஎஸ்3231 டேட்டாஷீட்டுகளில் ‘லீப் வருடத் திருத்தம் 2100 வரை செல்லும்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிதான் வரம்பு.

மாத ரெஜிஸ்டரில் நூற்றாண்டு பிட் என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா?

போதாது. பல இடங்களில் அது குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது.

டிஎஸ்3231-இல் மாத ரெஜிஸ்டரின் மேல் பிட் நூற்றாண்டு பிட். ஆண்டு 99-இலிருந்து 00-க்குப் போகும்போது அது மாறும். இதை நம்பி 2199 வரை போகலாம் என்று தோன்றும். ஆனால் லீப் கணக்கு 2100 பிப்ரவரி 29-இல் தப்பிவிடுகிறது. ஆக அந்த பிட்டால் கூடுதலாகக் கிடைப்பது 2100-இன் முதல் இரண்டு மாதம் மட்டும்தான்.

பிசிஎஃப்8563 கதை இன்னும் சிக்கல். அதன் பழைய டேட்டாஷீட் 0 என்றால் 20-இல் தொடங்கும் ஆண்டுகள், 1 என்றால் 19-இல் தொடங்குபவை என்கிறது. அதே ரெஜிஸ்டர் அமைப்புள்ள ஆர்டிசி8564-இன் டேட்டாஷீட், 20-ஆம் நூற்றாண்டில் 0 வைத்தால் 2000-இல் அது 1 ஆகும் என்கிறது. நேர் எதிர். இரண்டுக்கும் லினக்ஸில் ஒரே டிரைவர்தான். அது என்ன செய்கிறது தெரியுமா? நாம் 1970-க்கும் 2069-க்கும் நடுவில் வாழ்கிறோம் என்று வைத்துக்கொண்டு, சிப்பிலிருந்து படித்த ஆண்டையும் பிட்டையும் சேர்த்துப் பார்த்து, இந்த போர்டில் அந்த பிட்டுக்கு எந்தப் பொருள் என்று ஊகிக்கிறது. நம்பகமாக அறிய வழியில்லை என்று டிரைவரின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

டிஎஸ்1307 குடும்பத்து டிரைவரில் நடந்தது வேறு. பழைய கெர்னல்கள் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) நேரத்தை எழுதும்போது நூற்றாண்டு பிட்டை 1 ஆக்கின. படிக்கும்போது அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுதுவதும் படிப்பதும் ஒரே கெர்னல் என்பதால் தேதி சரியாகவே வந்தது. பிற்பாடு இதைச் சரிசெய்யப் போனபோது, 1 என்றால் அடுத்த நூற்றாண்டு என்று ஒழுங்காகப் படித்தார்கள். உடனே பழைய கெர்னல் எழுதிய தேதியெல்லாம் அடுத்த நூற்றாண்டுக்குத் தாவியது. அதனால்தான் இந்தத் திருத்தத்தைத் தனி கெர்னல் ஆப்ஷனாக வைத்திருக்கிறார்கள். அதை ஆன் செய்வதற்கு முன், ஆஃப் செய்த கெர்னலில் பூட் செய்து தேதியை ஒருமுறை வைத்துவிட வேண்டும்.

களத்தில் ஏற்கெனவே ஓடும் போர்டுகளில் அந்த பிட் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. 2099 வரை போதும் என்று விட்டுவிடுவதே பாதுகாப்பு.

லினக்ஸ் டிரைவரில் வரம்பை எங்கே சொல்ல வேண்டும்?

ஆர்டிசி டிவைஸ் ஸ்ட்ரக்சரில் ‘ரேஞ்ச் மின்’, ‘ரேஞ்ச் மேக்ஸ்’ என்று இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. 2018-இல் வந்தவை. 1970-இலிருந்து எத்தனை விநாடி என்ற கணக்கில் தொடக்கத்தையும் முடிவையும் கொடுக்க வேண்டும். 2000 ஜனவரி 1 என்றால் 946684800. 2099 டிசம்பர் 31-இன் கடைசி விநாடி 4102444799. இந்த எண்களைக் கையால் எழுத வேண்டாம்; 2000, 2063, 2079, 2099 போன்ற எல்லைகளுக்குக் கெர்னலிலேயே மேக்ரோ பெயர்கள் உண்டு.

வரிசை முக்கியம். முதலில் டிவைஸுக்கு இடம் ஒதுக்கும் ஃபங்ஷன், அடுத்து இந்த இரண்டு உறுப்புகள், கடைசியில் ரெஜிஸ்டர் செய்யும் ஃபங்ஷன். பழைய டிரைவர்களில் ஒதுக்குவதும் ரெஜிஸ்டர் செய்வதும் ஒரே அழைப்பில் நடக்கும். வரம்பு சொல்ல நடுவில் இடமே இருக்காது. பழைய டிரைவரை மேம்படுத்தும்போது முதலில் அதைப் பிரியுங்கள்.

இரண்டும் 0 ஆகவே இருந்தால் ‘வரம்பு சொல்லப்படவில்லை’ என்று கெர்னல் எடுத்துக்கொண்டு சோதனையே செய்யாது. எந்தத் தேதியையும் சிப்புக்கு அனுப்பிவிடும். 2105 என்று வைத்தால் சிப்பில் 05 என்று பதியும், திரும்பப் படிக்கும்போது 2005 வரும். எந்தப் பிழைச் செய்தியும் இருக்காது.

வரம்பு சொன்ன பிறகு 2000 ஜனவரி 1 நள்ளிரவை வைத்தால் பிழை வருகிறது. 2000 வரம்புக்குள்தானே?

இது நம் ஊரில் உட்கார்ந்து சோதிப்பவர்களுக்கே வரும் சந்தேகம். ஆர்டிசியில் வைப்பது யுடிசி நேரம். இந்திய நேரம் அதைவிட 5:30 மணி முன்னால். நீங்கள் வைத்த 2000 ஜனவரி 1, 00:00 என்பது யுடிசியில் 1999 டிசம்பர் 31, 18:30. அது வரம்புக்கு வெளியே. ‘ஈரேஞ்ச்’ (வரம்புக்கு வெளியே) என்ற பிழையைக் கெர்னல் திருப்பியது சரிதான். கொழும்பில் இன்று இதே 5:30, ஆனால் 2000-இல் அங்கே 6 மணி நேரம். சிங்கப்பூரில் 8 மணி நேரம் தள்ளும். எல்லைச் சோதனை செய்யும்போது யுடிசி என்று வெளிப்படையாகச் சொல்லியே தேதியை வையுங்கள்.

2100-ஐத் தாண்டி வேலை செய்ய வேண்டிய கருவிக்கு என்ன வழி?

சாளரத்தை நகர்த்துவது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிப்பால் 100 ஆண்டுகளைச் சொல்ல முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதை 2000 முதல் 2099 வரை என்று எடுத்தால், இன்று தயாரிக்கும் கருவிக்கு முதல் 20 ஆண்டுகள் வீண். 2003-ஆம் ஆண்டு அதற்கு வரவே போவதில்லை. அந்த இடத்தை எதிர்காலத்துக்குக் கொடுத்துவிடலாம். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) அந்த ஆர்டிசிக்கு ‘ஸ்டார்ட் இயர்’ என்ற பண்பில் 2020 என்று எழுதினால் போதும், கெர்னல் பார்த்துக்கொள்ளும். சிப் 20 முதல் 99 வரை எதைச் சொன்னாலும் அது 2020 முதல் 2099. 00 முதல் 19 வரை சொன்னால் 2100-க்கு மேல்.

இதை ‘ஆண்டோடு 100 கூட்டு’ என்று செய்திருந்தால் லீப் வருடத்தில் இடித்திருக்கும். கெர்னல் அப்படிச் செய்வதில்லை, விநாடியில் கூட்டுகிறது. 2000 முதல் 2099 வரை மொத்தம் 36,525 நாட்கள். சிப்பில் 00 பிப்ரவரி 29 என்று வந்தால் கெர்னல் அதை முதலில் 2000 பிப்ரவரி 29 என்று விநாடியாக்கி, அதனுடன் 36,525 நாட்களைச் சேர்க்கிறது. கிடைப்பது 2100 மார்ச் 1. சிப் இல்லாத ஒரு நாளைக் காட்டினாலும் வெளியே வருவது சரியான தேதி. அன்றிலிருந்து சிப்பின் நாள்காட்டி உண்மை நாள்காட்டிக்கு ஒரு நாள் பின்னால் ஓடும். கெர்னல் கூட்டிக் கொடுப்பதால் பயன்படுத்துபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு காகிதத்தில் 2100-இன் முதல் 70 நாட்களை எழுதிப் பாருங்கள், மனதில் நன்றாகப் பதியும். சாளரம் 2120 ஜனவரி 1 முடிய நீள்வதும் அதே காரணத்தால்தான்: 2020 முதல் 2119 வரை 36,524 நாட்கள்தான், ஒரு நாள் மிச்சம்.

அலாரத்துக்கும் இதே கழித்தல், கூட்டல் நடக்கிறது. டிரைவருக்குள் நீங்கள் தனியாக எதுவும் செய்யக் கூடாது. செய்தால் இரண்டு முறை கூட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. களத்தில் இருக்கும் கருவியில் இந்த எண்ணை மாற்றும்போது, சிப்பில் ஏற்கெனவே இருக்கும் தேதி புதிய சாளரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். சிப்பில் 24 இருக்கும்போது தொடக்க ஆண்டை 2030 ஆக்கினால் அடுத்த பூட்டில் 2124 வரும்.

பேட்டரி தீர்ந்து சிப் நேரத்தை மறந்துவிட்டால் டிரைவர் எந்தத் தேதியைத் திருப்பித் தர வேண்டும்?

எந்தத் தேதியையும் தரக் கூடாது. பிழையைத் தர வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக, அளவீடுகளைப் பதிவுசெய்யும் கருவி ஒன்றில் வேலை செய்தேன். அதன் டிரைவரை எழுதியவர் நல்ல எண்ணத்தில் ஒரு காரியம் செய்திருந்தார்: தேதி செல்லாது என்று சிப் சொன்னால், டிரைவர் ஏற்றப்படும்போதே 2000 ஜனவரி 1 என்று எழுதிவிட்டு, செல்லாது என்ற அடையாளத்தையும் அழித்துவிடும். கருவி தடங்கலில்லாமல் பூட் ஆக வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் களத்தில் பல கருவிகளின் காயின் செல் தீர்ந்திருந்தது. கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் அவை மறுபடி 2000 ஜனவரி 1-இலிருந்து எண்ணத் தொடங்கின. வந்து சேர்ந்த கோப்பில் அதே நாள், அதே காலை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை. எந்த வரி எந்த மாதத்துடையது என்று பிரிக்க வழியில்லை. ஒரு போர்டைத் திறந்து மல்டிமீட்டர் வைத்தேன்; 3 வோல்ட் இருக்க வேண்டிய செல்லில் ஒன்றரைகூட இல்லை. ஐ2சி (சிப்போடு பேசும் இரண்டு கம்பி இணைப்பு) வழியாக நிலை ரெஜிஸ்டரைப் படித்தால் எல்லாம் நலம் என்றது. சிப் உண்மையைச் சொல்லியிருந்தது. நாம்தான் அதை அழித்திருந்தோம். அளவீடுகள் எல்லாம் சரியாக இருந்தும் அவற்றை வைத்து எதுவும் செய்ய முடியாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

டிஎஸ்3231-இல் ‘ஆசிலேட்டர் நின்றது’ என்ற பிட் நிலை ரெஜிஸ்டரில் இருக்கிறது. பிசிஎஃப்8563-இல் விநாடி ரெஜிஸ்டரின் மேல் பிட். மூன்று விதிகள் போதும். அந்த பிட் 1 என்றால் நேரம் படிக்கும் ஃபங்ஷன் ‘ஈஇன்வால்’ (செல்லாத மதிப்பு) என்ற பிழையைத் திருப்பட்டும். பிட்டை அழிப்பது, புது நேரம் வெற்றிகரமாக எழுதப்பட்ட பிறகு மட்டும். டிரைவர் ஏற்றப்படும்போது நேரத்தைத் தொடவே கூடாது.

‘அப்படியானால் சிஸ்டம் 1970-இல் தொடங்குமே, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் இன்னும் செல்லத் தொடங்கவில்லை என்று மறுக்குமே?’ என்று கேட்பார்கள். மறுக்கட்டும். அதைச் சரிசெய்வது மேலே இருக்கும் மென்பொருளின் வேலை. கடைசியாகப் பார்த்த நேரத்தைக் கோப்பில் சேமித்து வைத்திருக்கலாம், என்டிபியை (இணையம் வழியாக நேரம் தரும் சேவை) கேட்கலாம், பயனரைக் கேட்கலாம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி, தான் கட்டப்பட்ட காலத்துக்கு முந்தைய நேரத்தை ஏற்காமல் முன்னால் தள்ளிவிடும். நேரம் தெரியாது என்ற செய்தி மேலே போனால்தான் இவை எதுவும் நடக்கும். முந்தைய பதிலில் சொன்ன சாளரத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: அடையாள பிட்டை மதிக்காத டிரைவரில், பேட்டரி தீர்ந்த சிப்பின் 00 ஜனவரி 1 என்பது 2100 ஜனவரி 1 ஆகிவிடும்.

2038 சிக்கல் ஆர்டிசியைப் பாதிக்குமா?

சிப்பைப் பெரும்பாலும் பாதிக்காது. நாள்காட்டி வகைச் சிப்புக்கு 2038 இன்னொரு ஆண்டு, அவ்வளவுதான். பாதிப்பு அதைப் படிக்கும் மென்பொருளில். குறி உள்ள 32 பிட் எண்ணில் விநாடி வைத்திருந்தால் 2038 ஜனவரி 19, யுடிசி 03:14:07-உடன் முடிகிறது. நம் நேரத்தில் காலை 8:44:07. டிரைவருக்குள் 64 பிட் வகைகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

32 பிட் கெர்னலில் ஒரு கூடுதல் காவல் உண்டு. பூட் ஆகும்போது ஆர்டிசியில் 2038-ஐத் தாண்டிய தேதி இருந்தால், அதைச் சிஸ்டம் கடிகாரத்துக்கு எடுத்துக்கொள்ள கெர்னல் மறுத்துவிடும். மேலே ஓடும் 32 பிட் நிரல்கள் அந்த நேரத்தில் குலைந்துபோகும் என்பதால்.

‘ஜூன்’ (Zune) என்ற எம்பி3 பிளேயர் நின்றுபோனதும் ஆர்டிசியால்தானா?

ஆம். டிரைவர் எழுதும் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டிய பிழை அது.

2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ஜூன் பிளேயர்கள் பூட் ஆகாமல் உறைந்து நின்றன. ஃப்ரீஸ்கேல் சிப்புக்கான கடிகார டிரைவரில், 1980-இலிருந்து எத்தனை நாள் என்பதை ஆண்டாக மாற்றும் ஒரு லூப் இருந்தது. மிச்ச நாட்கள் 365-க்கு மேல் இருக்கும்வரை சுற்று. லீப் வருடம் இல்லையென்றால் 365-ஐக் கழி, ஆண்டை ஒன்று கூட்டு. லீப் வருடம் என்றால், நாட்கள் 366-க்கு மேல் இருக்கிறதா என்று பார். இருந்தால் 366-ஐக் கழி, ஆண்டைக் கூட்டு.

இப்போது மிச்சம் சரியாக 366, ஆண்டு 2008 என்று வையுங்கள். 366 என்பது 365-ஐவிடப் பெரியது, லூப் தொடர்கிறது. லீப் வருடம்தான். 366-ஐவிடப் பெரியதா? இல்லை. ஒன்றும் கழிக்கப்படவில்லை, லூப்பை விட்டு வெளியேறவும் இல்லை. மறுபடி அதே 366. முடிவே கிடையாது. லீப் வருடத்தின் கடைசி நாளில் மட்டும் வரும் நிலை இது. 2006 கடைசியில் விற்பனைக்கு வந்த கருவிக்கு அப்படி ஒரு நாள் அன்றுதான் முதல்முறை. பேட்டரி முழுதாக இறங்கட்டும், ஜனவரி 1 நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் போட்டு இயக்குங்கள் என்பதுதான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்ட வழி.

சொந்தமாகத் தேதி மாற்றும் லூப் எழுதாதீர்கள். விநாடியைத் தேதியாக்கவும் தேதியை விநாடியாக்கவும் கெர்னலில் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஃபங்ஷன்கள் இருக்கின்றன.

சிப்பே தவறான நாள்காட்டியோடு வந்தால்?

வந்திருக்கிறது. ராக்சிப் ஆர்கே808 சிப்பின் ஆர்டிசியில் நவம்பருக்கு 31 நாட்கள். சிலிக்கனில் பதிந்த பிழை, மாற்ற முடியாது. லினக்ஸ் டிரைவர் அதைச் சமாளித்த விதம் அழகு. 2016 ஜனவரி 1 அன்று சிப்பின் நாள்காட்டியும் உலக நாள்காட்டியும் ஒத்துப்போனதாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு நவம்பர் முடியும் ஒவ்வொரு முறையும் சிப் ஒரு நாள் பின்தங்கும். அத்தனை நாட்களைப் படிக்கும்போது கூட்டி, எழுதும்போது கழித்தால் சரி. 2024 ஜூன் 15 அன்று சிப்புக்குள் இருப்பது ஜூன் 7.

டிசம்பர் 1 அன்று கருவி அணைந்து கிடந்தாலும் கணக்குத் தப்பாது என்பதுதான் இதன் பலம். ‘நவம்பர் 31-ஐப் பார்த்தால் டிசம்பர் 1 என்று திருத்தி எழுது’ என்று செய்திருந்தால், அன்று கருவி ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே வேலை செய்திருக்கும்.

அலாரத்துக்கும் வரம்பு உண்டா?

உண்டு, அது இன்னும் குறுகியது. டிஎஸ்3231 அலாரம் நாளைப் பொருத்திப் பார்க்கும், மாதத்தைப் பார்க்காது. 40 நாள் கழித்து என்று வைத்தால் 10 நாளிலேயே அடிக்கலாம். பிசிஎஃப்8563 அலாரத்தில் விநாடியே கிடையாது. பிசியின் மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் கடிகாரத்தில் நாள், மாதத்துக்கான அலாரம் ரெஜிஸ்டர் இல்லாத போர்டுகளில் 24 மணி நேரத்துக்குள்தான் வைக்க முடியும். வைக்க முடியாத அலாரத்தை ஏற்றுக்கொண்டு தவறான நாளில் எழுப்புவதைவிட, வைக்கும்போதே பிழை தருவது நல்லது.

பிசிடி மாற்றத்தில் கவனிக்க வேண்டியது?

ஆண்டு 10 என்பது பிசிடியில் பதினாறடிமான 10 என்று பதியும். மாற்றாமல் அப்படியே படித்தால் அது 16. 2010 லீப் இல்லை, 2016 லீப். 2000 முதல் 2009 வரை இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது, ஏனென்றால் 9 வரை இரண்டும் ஒன்றுதான். மேல் பிட்டுகளில் வேறு அடையாளங்கள் இருக்கும் ரெஜிஸ்டர்களில் முதலில் அவற்றை மறைத்துவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். எல்லா ரெஜிஸ்டர்களையும் ஒரே ஐ2சி பரிமாற்றத்தில் படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் டிசம்பர் 31 நள்ளிரவில் பழைய ஆண்டும் புதிய மாதமும் சேர்ந்து வரும்.

எப்படிச் சோதிப்பது?

முதலில் என்டிபியை நிறுத்துங்கள். என்டிபியோடு ஒத்திசைந்திருக்கும்போது கெர்னல் சுமார் 11 நிமிடத்துக்கு ஒருமுறை சிஸ்டம் நேரத்தை ஆர்டிசியில் எழுதக்கூடும். உங்கள் சோதனைத் தேதி காணாமல் போகும். நான் இதில் ஒரு மத்தியானத்தை இழந்திருக்கிறேன்.

பிறகு ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு விநாடி முன்னால் வைத்து, மூன்று விநாடி பொறுத்துப் படியுங்கள். யுடிசியில் 1999 டிசம்பர் 31, 2000 பிப்ரவரி 28, 2038 ஜனவரி 19, 2099 டிசம்பர் 31, 2100 பிப்ரவரி 28, 2106 பிப்ரவரி 7. லினக்ஸ் ஆர்டிசி பராமரிப்பாளர் அலெக்சாண்டர் பெல்லோனியின் ‘ஆர்டிசி டூல்ஸ்’ தொகுப்பில் ‘ஆர்டிசி ரேஞ்ச்’ என்ற சின்ன நிரல் இந்த மாதிரி எல்லைகளை வரிசையாக ஓட்டிக் காட்டும். வரம்புக்கு வெளியே பிழை வந்தால் அது தேர்ச்சி. வேறு தேதி திரும்பி வந்தால்தான் தோல்வி.

இதையெல்லாம் முடித்த பிறகு, கரண்டை எடுத்துவிட்டு எல்லையைத் தாண்டவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். கடைசியாகக் காயின் செல்லையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

நான் லினக்ஸ் பயன்படுத்துவதில்லை. ஆர்டுயினோவில் டிஎஸ்3231 மட்டும். இதெல்லாம் எனக்குத் தேவையா?

தேவை. 2000-க்கு முன்னும் 2099-க்குப் பின்னும் வரும் தேதியை மறுங்கள். ஆர்டிசிலிப் நூலகத்தில் ‘லாஸ்ட் பவர்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நேரம் நம்பத்தக்கதா என்று அதைக் கேளுங்கள். கம்பைல் செய்த நேரத்தைச் சிப்பில் எழுதும் வரியை நிபந்தனை இல்லாமல் செட்டப்பில் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் கடிகாரம் கம்பைல் செய்த நாளுக்கே திரும்பிவிடும்.

பூட்லோடர் காட்டும் தேதியும் லினக்ஸ் காட்டும் தேதியும் வேறாக இருக்கின்றன. எது சரி?

சாளரம் நகர்த்தியிருந்தாலோ ஆர்கே808 போன்ற சிப்பாக இருந்தாலோ, சிப்புக்குள் இருப்பது நேரடித் தேதி அல்ல. லினக்ஸ் மாற்றிப் படிக்க வேண்டிய ஒன்று. லினக்ஸைத் தொடங்கி வைக்கும் யு-பூட் பூட்லோடர் அதை மாற்றாமல் படித்தால் வேறாகத்தான் தெரியும். படிப்பதால் கெடுதல் இல்லை. யு-பூட்டிலிருந்து தேதியை எழுதுவதுதான் ஆபத்து: அது நேரடித் தேதியை எழுதும், லினக்ஸ் அதன்மேல் கூட்டும். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கை வைக்க முடியாத போர்டில், பூட்லோடரின் தேதி எழுதும் கட்டளையை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.